ராசாவின் உம்மாவுக்கு எந்த அறை

கல்முனைக் கரையில் பிறந்து வளர்ந்த என் வயசுக்காரிகளிடம் ஒன்று கேட்கிறேன். நீங்கள் முதன்முதலாக ஒரு பெரிய கல்லைக் கண்டது எந்த வயதில்? அம்மியையும் குழவியையும் விட்டுவிடுங்கள். ஓர் ஆள் ஏறி நிற்கக்கூடிய கல்லைக் கேட்கிறேன். எனக்கு அப்போது பத்து வயது. அதுவரைக்கும் உலகம் முழுவதும் மணல் என்றுதான் நினைத்திருந்தேன். வீட்டு முற்றம் மணல், பள்ளிக்கூட வளவு மணல், மையத்து அடக்குகிற மையவாடி மணல், தலையைத் துவட்டினால் மணல். நாயைத் துரத்த ஒரு கல் வேண்டுமென்றால் தேங்காய்ச் சிரட்டையைத்தான் எறிவோம். நாய்களும் அதற்குப் பழகியிருந்தன.

இதை வாசிக்கும்போது நம்மில் பாதிப் பேர் ஒரு கையால் முழங்காலைத் தடவிக்கொண்டிருப்போம் என்பது எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் எழுதுகிறேன். இருந்தாலும் போன மாதம் என் மூத்தவள் ராத்தாவின் மகள் வேன் பிடித்து, என்னையும் ராத்தாவையும் சாகாமக் குளத்துக்கு அப்பால் காட்டுக்குள் இருக்கும் அந்த இடிந்த கோட்டைக்குக் கூட்டிப்போனாள். இப்போது அங்கே கம்பிவேலி போட்டு, மூன்று மொழியில் ஒரு பலகையும் நட்டிருக்கிறார்கள். அரண்மனையாக இருக்கலாம் என்கிறது பலகை. காவல் கோட்டையாகவும் இருக்கலாம் என்கிறது. யார் கட்டியது என்பது இன்னும் ஆராயப்படுகிறதாம். அதை வாசித்துவிட்டு ராத்தாவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்த சிரிப்பில், மகள் பயந்து தண்ணீர்ப் போத்தலைத் திறந்து நீட்டினாள். யாருடைய கோட்டை அது என்பதை நாங்கள் அந்தக் காலத்திலேயே முடிவு செய்துவிட்டோம். அவளுக்குச் சொன்ன கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். ஆனால் என் கொழும்புப் பேரப்பிள்ளைகள் விழிப்பார்கள் என்பதால் எழுதிவைக்கிறேன். பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை கேட்டுப் போவதும் பெண் வீட்டார்தான். நிக்காஹ் முடிந்தால் மாப்பிள்ளை தன் உடுப்புப் பெட்டியோடு பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியேறிவிடுவார். பெண்பிள்ளை பெற்றவர்கள் வீட்டைக் கொடுத்தாலும் பிள்ளையைக் கண்முன்னே வைத்திருப்பார்கள். ஆண்பிள்ளை பெற்றவர்கள் பிள்ளையை அனுப்பிவிட்டு வாசலில் நிற்பார்கள். இந்த இரண்டாவது பகுதியைப் பற்றி அந்தக் காலத்தில் எங்கள் வீட்டில் ஒருவரும் யோசித்ததில்லை.

ராத்தாவுக்கு அப்போது இருபது வயது. வாப்பா கேட்டுப்போன மாப்பிள்ளை பாலமுனைக்காரர், எங்கள் ஊர்த் தபால் கந்தோரில் வேலை. வாப்பா இல்லாத பிள்ளை, உம்மாவுக்கு ஒரே மகன். ராத்தாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. எப்படித் தெரியும் என்றால், அந்த வருடம் கடிதம் எழுத எங்களுக்கு ஒருவரும் இல்லாதபோதும் வீட்டில் முத்திரை தீர்ந்துகொண்டே இருந்தது. முத்திரை வாங்க அனுப்பப்படுவது நான்தான். திரும்பி வந்ததும் ராத்தா கிணற்றடியில் வைத்து விசாரிப்பாள். என்ன நிறச் சட்டை, சிரித்தாரா, என்ன கேட்டார். அவர் எப்போதும் ஒரே கேள்விதான் கேட்பார்: "ஊட்டில எல்லாரும் சுகமா?" அந்த எல்லாரும் யார் என்று ராத்தாவுக்கு விளங்கியது. எனக்கு விளங்கியது கொஞ்சம் பிந்தித்தான்.

பேச்சுவார்த்தைக்குப் போனவர் மாமா, உம்மாவின் தம்பி. முகத்தைப் பார்த்தே மனதைப் படிக்கிற ஆள் என்று தன்னைப்பற்றி அவரே சொல்லிக்கொள்வார். முதல் தடவை பாலமுனைக்குப் போய்வந்து விறாந்தைக் கதிரையில் உட்கார்ந்தார். நானும் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

"மாப்பிள்ளைட உம்மா என்ன செல்றா?" என்று வாப்பா கேட்டார்.

"பாப்பம் எண்டா."

"வேற?"

"ஊட்டில எத்தினை அறை எண்டு கேட்டா. மூணு எண்டன். ஒரு பெருமூச்சு உட்டா மச்சான்."

வாப்பா மேசனைக் கூப்பிட்டு நாலாவது அறையைக் கட்டச் சொன்னார். அது எழும்பிக் கூரைக்கு வந்ததும் மாமா மறுபடியும் போனார்.

"நாலு அறை எண்டன். நாலாவது ஆருக்கு எண்டு கேட்டா. வாற போற விருந்தாளிக்கு எண்டன். திரும்பயும் பெருமூச்சு."

"இன்னும் போதாதாமா?"

"நான் மூஞ்சியப் பாத்தனே. போதாது."

அஞ்சாவது அறை தொடங்கியது. உம்மா, கூட்டிப் பெருக்குவது யார் என்று கேட்டாள். மூன்றாம் தடவை மாமா போனபோது அந்த மனுசி, அஞ்சாவது அறையில் என்ன வைப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். நெல் மூட்டை என்று மாமா பெருமையோடு சொல்ல, அவர் எழும்பி உள்ளே போய்விட்டாராம்.

ஊரில் எங்கள் வீட்டுக்குக் கோட்டை என்று பெயர் வைத்துவிட்டார்கள். பாலமுனை மாமிக்கு வைத்த பெயரை நான் எழுதப்போவதில்லை. ஒரே ஒரு மகனை வைத்துக்கொண்டு ஊரையே எழுதிக் கேட்கிற மனுசி என்று பேச்சு. நானும் அதை நம்பினேன். ஓர் ஆள் ஐந்து அறையில் எப்படிப் படுப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், சரிவரவில்லை. முற்றத்தில் செங்கல் குவியலைப் பார்க்கும்போதெல்லாம் ராத்தாவின் முகம் சுண்டிப்போகும். ஒவ்வொரு அறைக்கும் கலியாணம் ஒரு போகம் தள்ளிப்போனது.

இந்த நிலையில்தான் ஆகஸ்ட் விடுமுறை வந்தது. சின்னப்போக வெள்ளாமை வெட்டுக்கு நாங்கள் எல்லோரும் சாகாமத்தில் வாப்பாவின் வயல் குடிசையான வாடிக்குப் போய்விட்டோம். கச்சான் காற்று பகல் முழுவதும் அடித்து, வைக்கோல் தூசியைக் கொண்டுவந்து கண்ணிலும் சோற்றிலும் போடும். களவெட்டியில் சூடடிக்கிற இடத்துக்குப் பெண்கள் வரக்கூடாது என்பார்கள். அதனால் நானும் ராத்தாவும் குளக்கட்டில் திரிந்தோம். பாலைப்பழக் காலம். மஞ்சள் மணிகளாக உதிர்ந்து கிடக்கும். தின்று முடித்தால் அதன் பால் பிசின்போல ஒட்டி, உதட்டைத் திறக்க முடியாது. பிள்ளைகள் வாயை மூடிக்கொண்டிருக்கட்டும் என்று உம்மாவே பொறுக்கித் தந்த நாட்களும் உண்டு.

நாலாம் தடவையாகப் பாலமுனைக்குப் போன மாமா, நேரே வாடிக்கே வந்தார். அவர் முகத்தில் ஒரு தினுசான வெளிச்சம்.

"மச்சான், அவ வாறாவாம்."

"எங்க?"

"இஞ்சதான். உங்கட வாடிக்குக் கிட்ட ஒரு கோட்டை கிடக்காமே, அதப் பாக்கலாமா எண்டு கேட்டா. அவட புருசன் காட்டுக்கு வண்டில் கொண்டுபோன காலத்தில பாத்துட்டு வந்து கதை செல்லியாம். ஒரு நாளைக்குக் கூட்டிப்போறன் எண்டவராம். அதுக்குள்ள மவுத்தாயிட்டார்."

வாப்பா தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்து முகத்தைத் துடைத்தார். "கோட்டை பாக்கவாம். உடைஞ்ச செங்கல்லப் பாக்க இவ்வளவு தூரம் ஆரு வாற? வயலைப் பாக்க வாறா. எத்தினை ஏக்கர், வாய்க்கால் எந்தப் பக்கம், எல்லாம் பாக்கிறதுக்கு வாறா."

"நானும் அதுதான் நினைச்சன்," என்றார் முகம் படிக்கிற மாமா.

அன்றிலிருந்து ராத்தாவுக்குப் பாடம் நடந்தது. கேட்டால் மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஓம், இல்லை, இரண்டும் போதும். பல் தெரியச் சிரிக்கக் கூடாது. வெயிலுக்குப் போகக் கூடாது, கறுத்துவிடுவாள். எனக்கும் ஒரு பாடம் இருந்தது. முத்திரை என்ற சொல்லையே எடுக்கக் கூடாது. இது ராத்தா எனக்குத் தனியாகச் சொன்னது.

சொன்ன நாளில் பாலமுனை மாமி வந்து இறங்கினார். நான் ஒரு பெரிய பூதத்தை எதிர்பார்த்திருந்தேன். வந்தவர் உம்மாவை விடக் குள்ளம். வெள்ளைச் சேலை முக்காடு, கையில் ஓர் ஆம்பிளைக் குடை. மூங்கில் பிடி, பிடியின் வளைவில் பித்தளைப் பூண். அது அவருடைய மவுத்தான புருசனின் குடையாம். வாடிக்குள் போட்ட கதிரையில் உட்காராமல், "எந்தப் பக்கம்?" என்று கேட்டார். வாப்பா வயல் பக்கம் கையை நீட்டினார். மாமி காட்டுப் பக்கம் பார்த்தார்.

உழவு மெசினின் பின்பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்து எல்லோரும் ஏறினோம். நெய்ச்சோற்றுச் சட்டி, இறைச்சிக்கறி, நார் உறியில் கட்டிய எருமைத் தயிர் இரண்டு முட்டி. மெசின் ஓட்டியவர் திருக்கோவில் ஊர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர். காட்டு வாசலில் மரத்தடிப் பிள்ளையாருக்கு ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்திவிட்டுத்தான் வண்டியை உள்ளே விடுவார். அவர் கும்பிட்டு முடியும்வரை நாங்கள் காத்திருந்தோம். மாமி பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழும்பி நின்றார். யானை லத்தியைக் கண்டு உம்மா ஸலவாத்து ஓதத் தொடங்கினாள். மாமியோ, "எப்பத்தையது தம்பி, இண்டையதா?" என்று அண்ணனிடம் விசாரித்தார்.

"இண்டைக்குக் காலையிலதான் அம்மா. அதுகள் இப்ப குளத்துக்கு இறங்கியிருக்கும்," என்றார் அண்ணன். மாமிக்கு அது திருப்தியாக இருந்தது.

பிறகு மரங்கள் விலகின. கல். எனக்கு முன்னால் கல். வரிசையாக நட்ட கல் தூண்கள், சில நிமிர்ந்து, சில சாய்ந்து. யானை படுத்திருப்பதுபோல ஒரு பாறை. அதில் வெட்டிய படிகள். படிக்கு மேலே செங்கல் மேடு. சுற்றிவரப் பாதி வற்றிய ஓர் அகழி, அது நிறைய அல்லிப் பூ. நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டுப் பாறையில் வெறுங்காலை வைத்தேன். கொதித்தது. இருந்தும் எடுக்கவில்லை. காலுக்குக் கீழே உலகம் இறுக்கமாக இருந்தது அன்றைக்குத்தான்.

மாமா வழிகாட்டியாகிவிட்டார். நடுவே குழிந்திருந்த ஒரு கல் தொட்டியைக் காட்டி, "இது ராசாட சோத்துப்பானை," என்றார். இன்னும் கொஞ்சம் தள்ளி ஓட்டை போட்ட ஒரு கல்லைக் காட்டி, "இது ராசாட கக்கூஸ்," என்றார். இரண்டும் இவ்வளவு கிட்டவா என்று மாமி கேட்டதும் அவர் அடுத்த கல்லைத் தேடிப் போனார்.

மருத மர நிழலில் பாய் விரித்தார்கள். வாப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, மாமியை முறை வைத்து அழைத்துத் தொடங்கினார். "மச்சி, அந்தா தெரியுற வாய்க்காலுக்கு இஞ்சால் பக்கம் எல்லாம்..."

"வயல் பாக்க வரல்ல தம்பி. கோட்டை பாக்க வந்தன்," என்றார் மாமி. குரலில் கோபம் இல்லை. வாப்பா எல்லாம் விளங்கியவர்போல மாமாவைப் பார்த்துத் தலையாட்டினார். மாமி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு படியைப் பார்த்தார். "மேல ஆரு வாற?"

உம்மா முள் என்றாள். மாமா பாம்பு என்றார். வாப்பா, சாப்பிட்டுவிட்டுப் போகலாமே என்றார். மாமி யாரையும் பார்க்காமல் ஏறத் தொடங்கிவிட்டார். உம்மா ராத்தாவின் முதுகில் ஒரு குத்து வைத்து, "குடையைப் புடிச்சிக்கு பின்னால போ. கதைக்காத," என்று அனுப்பினாள். எனக்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் நானும் போனேன்.

நாங்கள் மூவரும் மேலே ஏறினோம். கூரை இல்லை, சுவர் முழங்கால் அளவுதான். ஆனால் அறைகள் அப்படியே இருந்தன. செங்கல்லால் கோடு போட்டதுபோல அறைக்குப் பக்கத்தில் அறை. சில வாசல்களில் கல் நிலை இன்னும் நின்றது. மாமி சுவரைத் தாண்டவில்லை. ஒவ்வொரு அறைக்கும் வாசல் வழியாகவே போனார், நிலையைத் தொட்டுவிட்டு. யாரோ இருக்கிற வீட்டுக்குள் போகிற மாதிரி நாங்களும் பின்னால் போனோம்.

"இது என்ன அறை புள்ள?"

கதைக்காதே என்ற கட்டளை ராத்தாவைக் கீழே உம்மா பக்கம் ஒரு தடவை பார்க்கவைத்தது. பிறகு அதை மறந்துவிட்டாள். "குசினி மாமி. பாருங்க, சுவர் கரியாக் கிடக்கு. இஞ்சால தண்ணி வைக்கிற இடம். அது ராணிட அறையா இரிக்கும், பெரிசு."

"அப்ப ராசாட உம்மாவுக்கு எந்த அறை?"

ராத்தா பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் மாமியே தலையை ஆட்டினார். "நான் ஒரு மடைச்சி. ராசா கலியாணம் முடிச்சி ராணிட ஊட்டுக்கல்லவா வந்திருப்பார். இது ராணிக்கு அவட வாப்பா கட்டிக் குடுத்த கோட்டை. ராசாட உம்மா அவட ஊரில தனியக் கிடந்திரிப்பா."

உலகத்தில் எந்த ஊரில் ராசா சீதன வீட்டுக்குப் போவார் என்று இன்றைக்கு நீங்கள் சிரிக்கலாம். அன்றைக்கு எங்கள் மூவருக்கும் அது சந்தேகமே இல்லாத விசயம். வேறு எப்படி இருக்க முடியும்? ராசாவும் எங்கள் பக்கத்து ஆள்தானே.

மாமி ஒரு வாசற்கல்லில் உட்கார்ந்தார். "ராசாவுக்குத் தம்பி தங்கச்சி இருந்தா நல்லம். இல்லாட்டி அந்த மனுசி பாவம். மகன் போனதுக்குப் புறகு ஆருக்குச் சோறாக்குற?"

பாலைப்பழப் பிசினால் ஒட்டிய வாயோடு நான் அகழியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ராத்தா குடையை ஒரு பக்கம் சாய்த்தாள். அவள் மாமியின் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான். பிறகு நடந்துபோய், அகழியைப் பார்த்த மூலையில் இருந்த சின்ன அறைக்குள் நின்றாள்.

"இல்ல மாமி. அவ இஞ்சதான் இருந்தவ. இதுதான் அவட அறை."

"மாப்பிள்ளைட உம்மா பொண்ணூட்டில இருக்கிறதா? ஊர் என்ன செல்லும்?"

"ஊர் செல்றதச் செல்லட்டும். ராணிட ஊடு. ராணி வெச்சதுதான் சட்டம்." அந்த அறையில் ஜன்னல் இருந்திருக்கக்கூடிய இடத்தை அவள் கையால் காட்டினாள். "பாருங்க, தண்ணிக் காத்து நேரா வருது. ராணிதான் இந்தப் பக்கம் ஜன்னல் வைக்கச் செல்லியிருப்பா, மாமிக்கு எண்டு."

மாமி அவளையே பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிப்பு என்றால் வாயைப் பொத்திச் சிரிப்பது இல்லை, தோளெல்லாம் குலுங்கி, முக்காடு நழுவி, கண்ணில் தண்ணீர் வரும்வரை. ராத்தாவும் சேர்ந்துகொண்டாள், பல்லெல்லாம் தெரிய. அந்த நேரம் பார்த்து ஒரு கச்சான் கிளம்பி, ராத்தாவின் கையில் இருந்த குடையைப் பறித்துக்கொண்டு போனது. பித்தளைப் பூண் ஒரு தடவை வெயிலில் மின்னியது. பிறகு அகழி நடுவே அல்லி இலைகளுக்குள் தலைகீழாக விழுந்து, மெல்லத் தாழ்ந்தது. அதைப் பிடிக்க ஓடியதில் ராத்தாவின் பாவாடைக் கரை முள்ளில் கிழிந்தது. நான் அழத் தயாரானேன். மாமி எழும்பி, "உட்டுடு புள்ள. அவரும் என்னோட கோட்டைக்கு வந்த மாதிரி," என்றார்.

சத்தம் கேட்டு ஏறி வந்த பெரியவர்கள் கண்டது வேறு. கிழிந்த பாவாடை, காணாமல்போன குடை, அவிழ்ந்த முக்காடு, கண்ணைத் துடைக்கிற சம்பந்தி. மனுசி அழுவதாகவே அவர்கள் முடிவுசெய்துவிட்டார்கள். மவுத்தானவரின் குடையைத் தொலைத்த பெண்ணை யார் எடுப்பார்? உம்மா ராத்தாவின் கையில் கிள்ளிய அடையாளம் ஒரு வாரம் இருந்தது. நெய்ச்சோற்றை ஒருவரும் மனதாரச் சாப்பிடவில்லை, மாமியையும் என்னையும் தவிர. மாமி இரண்டு தடவை தயிர் கேட்டு வாங்கினார்.

திரும்பி வந்து வாடியில் இறங்கியபோது மாமி மாமாவைப் பக்கத்தில் கூப்பிட்டார். "அந்த அஞ்சாவது அறைக்கு ஜன்னல் கிடக்கா தம்பி?"

"இல்ல மச்சி. நெல்லு வைக்கிற அறைதானே."

"ஒண்டு வைக்கச் செல்லுங்க. கடல் பக்கமா." அவ்வளவுதான். வந்த வண்டியிலேயே போய்விட்டார்.

இதைக் கேட்டதும் வாப்பாவின் பொறுமை முடிந்தது. என் வாழ்நாளில் அவர் துவாயைத் தரையில் எறிந்தது அன்றைக்கு மட்டும்தான். "மூணு நாலாகி, நாலு அஞ்சாகி, இப்ப ஜன்னலா? அவ கேக்கிறது ஊடா, அரசாங்கக் கச்சேரியா? இனி ஒரு செங்கல் வைக்கமாட்டன். நாளைக்குப் போய்ச் செல்லிட்டு வா மச்சான், எங்களுக்கு இந்தச் சம்பந்தம் வாணாம்."

மாமா, தானும் முதலிலேயே அப்படித்தான் நினைத்ததாகச் சொன்னார். அவர் சைக்கிளுக்குக் காற்று அடிக்கத் தொடங்கினார். எனக்குத் தபால் கந்தோர்க்காரரின் முகம் கண்முன்னே வந்தது. ராத்தா வாடிக் கதவடியில் நின்றாள். பெண்பிள்ளைகள் தங்கள் கலியாணத்தைப் பற்றி வாய் திறக்கிற காலம் இல்லை அது. திறந்தால், வெட்கம் கெட்டவள் என்று தலைமுறைக்கும் சொல்வார்கள்.

"வாப்பா," என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"அந்த அறையில நெல்லு மூட்டை வைக்கவாணா."

"பின்ன என்ன வைக்க?"

"அது மாமிட அறை."

வாப்பாவுக்கு விளங்கவில்லை. உம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. அவள் அகப்பையைக் கீழே வைத்துவிட்டு வாயில் கையை வைத்தாள். ராத்தா தரையைப் பார்த்துக்கொண்டு மேலே நடந்ததைச் சொன்னாள். ராசா, ராணி, மூலை அறை, யாருக்குச் சோறாக்குவது என்ற கேள்வி, எல்லாம். நானும் பிசின் வாயோடு, ஓம், ஓம் என்று சாட்சி சொன்னேன். முடிந்தபோது வாப்பா மெல்ல மாமாவின் பக்கம் திரும்பினார்.

"மச்சான், நாலாவது அறை ஆருக்கு எண்டு கேட்டாவே. அந்த நேரம் பெருமூச்சு உட்டாவே."

மாமா பம்பைப் பார்த்தார்.

"அஞ்சாவதுக்கு நெல்லு மூட்டை எண்டு செல்லக்கெதானே எழும்பிப் போனா?"

மாமா தன் செருப்பைத் தேடத் தொடங்கினார். செருப்பு அவர் காலில்தான் இருந்தது. வாப்பா கீழே கிடந்த துவாயை எடுத்துத் தூசி தட்டினார். நெடுநேரம் தட்டிக்கொண்டே இருந்தார். மூன்று அறையில் தொடங்கிய வீட்டை, கேட்காத ஒரு கேள்விக்குப் பதிலாக இழுத்து நீட்டிய மனிதர் அல்லவா. எனக்கு அன்றைக்கு அவர்மேல் சிரிப்பு வந்தது. இன்றைக்கு நினைத்தால் பாசமாக இருக்கிறது. பாலமுனை மாமியிடம் ஒரு பெருமூச்சுக்கு விளக்கம் கேட்க அத்தனை பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. செங்கல் வாங்குவது அவர்களுக்கு அதைவிட லேசாக இருந்தது. பிறகு எனக்குக் கட்டித் தந்த வீட்டில் இரண்டே அறை என்பதையும் இந்த இடத்தில் பதிந்துவைக்கிறேன்.

அறுவடை முடிந்து ஊருக்கு வந்ததும் மேசன் கடல் பக்கச் சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார். இந்தத் தடவை மாமாவை அனுப்பாமல் வாப்பாவே பாலமுனைக்குப் போனார், ஒரு புதுக் குடையோடு. குடையை மாமி வாங்கிக்கொண்டார். கலியாணத்துக்கும் சம்மதம் சொன்னார். ஆனால் அறையைப் பற்றிய பேச்சு வந்ததும், "இல்ல தம்பி, அது சும்மா சின்னப்புள்ளைகளோட விளையாடின கதை. அப்பிடி ஒரு வழக்கம் நம்மட பக்கம் இல்லயே," என்று முடித்துவிட்டாராம். ஊரின் சிரிப்பைத் தாண்டி வருவது லேசான காரியமா? வாப்பா திரும்பி வந்து சொன்னதை ராத்தா கேட்டாள். கலியாண வேலைகளுக்கு நடுவே, அந்த அறையைத் தானே கூட்டி, தானே கட்டில் போட்டு, விரிப்பு விரித்தாள். நெல் மூட்டைகள் முன் அறையில் ராத்தாவின் புதுக் கட்டிலுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டன.

கலியாணத்தன்று மாப்பிள்ளை ஊர்வலம் றபான் அடித்துக்கொண்டு வந்தது. தபால் கந்தோர் மச்சான் குதிரை ஏறாத குறைதான். நான் மதிலுக்கு மேல் ஏறி நின்று பார்த்தேன். ஆண்கள் வந்தார்கள், பெண்கள் வந்தார்கள், பட்டாசு முடிந்து புகையும் கலைந்தது. பின்னால் ஒரு மாட்டு வண்டில் தனியாக வந்து நின்றது. மாப்பிள்ளையின் உம்மா வந்து, பெண்ணுக்குக் காப்புப் போட்டு, சாப்பிட்டுவிட்டு அந்தியில் திரும்பிப் போக வேண்டும். அதுதான் முறை. பாலமுனை மாமி புதுக் குடையை ஊன்றி இறங்கினார். அவருக்குப் பின்னால் வண்டிலில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெட்டிக்குப் பக்கத்தில், சாக்குச் சுற்றி, ஓர் அம்மி.

றபான்காரர்களே அடிப்பதை நிறுத்திவிட்டார்கள். விருந்துக்குப் போகிறவர்கள் அம்மியோடு போவதில்லை. மாமா பதறி ஓடிவந்து, "மச்சி, இதெல்லாம் வண்டிலிலயே கிடக்கட்டும்," என்று மெதுவாகச் சொன்னார். மாமி வாசலுக்கும் வண்டிலுக்கும் நடுவே நின்றார். கலியாணக் கூட்டம் முழுவதும் அவரைப் பார்த்தது. அவர் குடைப்பிடியை மாற்றி மாற்றிப் பிடித்தார். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் திரும்பி ஏறியிருப்பார்.

வாப்பா பட்டுச் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கூட்டத்தை விலக்கி வந்தார். அம்மியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தார். அத்தர் பூசிய சட்டையெல்லாம் சாக்குத் தூசி. மாமி அவர் பின்னால் வந்தார்.

உள்ளே ராத்தா மணப்பெண்ணாக, தலையைக் குனிந்து, முகத்துக்கு மேல் சல்லாத் துணி போட்டு உட்கார்ந்திருந்தாள். சுற்றிவரப் பெண்கள். மணப்பெண் அன்றைக்கு ஒரு சொல்லும் பேசக் கூடாது. மாமி வாசற்படியில் நின்றார், கோட்டையில் செய்ததுபோல நிலையில் ஒரு கையை வைத்துக்கொண்டு. உள்ளே காலை வைக்கவில்லை.

ராத்தா சல்லாவைத் தூக்கினாள்.

"வாங்க மாமி. ஜன்னல் திறந்துதான் கிடக்கு."